சுருட்டி உண்ணும் விருந்து

நம் ஊர்த் திருமண வரவேற்புகளில் அண்மைக் காலமாக ஒரு பலகாரம் இடம்பெற்று வருவதை வாசக அன்பர்கள் கண்டிருப்பீர்கள். விரல் நீளம், பொன்னிறம், எண்ணெயில் பொரித்தது. உள்ளே முட்டைக்கோசும் கேரட்டும். தொட்டுக்கொள்ளச் சிவந்த நிறத்தில் ஓர் இனிப்புக் குழம்பு. "ஸ்பிரிங் ரோல்" என்று சொல்லித் தட்டில் வைத்துவிட்டுப் போவார் பரிமாறுகிறவர். அந்தப் பெயரிலுள்ள "ஸ்பிரிங்" சுருள் கம்பியைக் குறிப்பது என்றே நாங்கள் நெடுநாள் எண்ணியிருந்தோம். அது இளவேனிற் காலத்தைக் குறிக்கும் சொல் என்பதை, அறுபது வயதைக் கடந்தபின், கடல் கடந்து சென்று, பினாங்குத் தீவில் ஒரு குடும்பத்தின் உணவு மேசையில் அமர்ந்தே அறிந்துகொண்டோம்.

எங்கள் மகன் அத்தீவில் பணிபுரிகிறான். 2018ஆம் ஆண்டு, அங்கேயே பிறந்து வளர்ந்த ஹொக்கியன் சீனப் பெண் ஒருத்தியைக் கரம்பற்றினான். பெண் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவள். தமிழிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் மலாயிலும் திருப்பலி நடைபெறும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருத்தலத்தில், ஜூலை மாதத் திருவிழாவின்போது இருவரும் அறிமுகமானவர்கள். ஆகவே மறுத்துரைப்பதற்கு மறை சார்ந்த காரணம் எதுவும் எங்களிடம் இல்லை. ஆயினும் திருமணத்திற்கு நாங்கள் செல்லவில்லை. பங்கில் விசாரித்தவர்களிடம் இரத்த அழுத்தத்தைக் காரணம் காட்டினோம். உண்மை வேறு. உறவிலே ஒரு பெண்ணை மனத்தில் குறித்து வைத்திருந்தோம். அவளுடைய பெற்றோரிடம் வாய்மொழியும் கொடுத்திருந்தோம். "சீனத்தி" என்ற சொல்லை வீட்டில் நாங்கள் எந்தத் தொனியில் உச்சரித்தோம் என்பதை இங்கே எழுதப் பெருமைப்படவில்லை.

ஏழாண்டுகள் கழிந்தன. பேத்திக்கு ஐந்து வயதாயிற்று. கைப்பேசித் திரையில் எங்களைக் கண்டே பழகிய அக்குழந்தை, "தாத்தாவும் அப்பாயியும் இந்தப் பெட்டிக்குள்ளேயா இருக்கிறார்கள்?" என்று தன் தாயைக் கேட்டாளாம். அதைக் கேள்வியுற்ற பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. 2025 மார்ச் இறுதியில் கோலாலம்பூர் வழியாகப் பினாங்கு சென்று இறங்கினோம்.

ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை. சீனர்களின் நாட்காட்டியில் அது முன்னோர் கல்லறைகளைத் தூய்மை செய்யும் நாள். பினாங்கு ஹொக்கியன் மக்கள் "செங் பெங்" என்பர். விடியற்காலையிலேயே சம்பந்தி வீட்டார் அனைவரும் துடைப்பமும் வாளியும் மலர்களுமாகப் புறப்பட்டனர். அவர்களுள் மறை தழுவியவர்களும் உண்டு. பழைய வழியிலேயே நிற்பவர்களும் உண்டு. போகலாமா கூடாதா என்று நாங்கள் தயங்கியதைச் சம்பந்தி கவனித்துவிட்டார். "1742இல் உரோமை தடுத்தது, 1939இல் அதே உரோமை அனுமதித்தது. இடைப்பட்ட ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் எங்கள் பாட்டன்மார் பட்ட சங்கடம் கொஞ்சமல்ல" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். நவம்பர் 2ஆம் நாள் நாமும் மெழுகுவர்த்தியும் மாலையுமாகக் கல்லறைத் தோட்டத்திற்குத்தானே செல்கிறோம்? எங்களிடமும் ஒரு துடைப்பத்தைத் தந்தார்கள். யாரென்று அறியாத ஒரு கொள்ளுப் பாட்டியின் கல்லறையைப் பெருக்கினோம்.

சீனத்தின் புக்கியன் மாநிலத்தில், சுவான்சௌ, சியாமென் ஆகிய கடற்கரை நகரங்களில், இந்நாளில் வீட்டில் சமைக்கும் உணவு ஒன்று உண்டு. அதுவே "பொப்பியா". மெல்லிய அடை என்பதே அச்சொல்லின் பொருள். அங்கிருந்து கப்பலேறிய மக்கள் அதனைப் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் எங்கும் கொண்டு சேர்த்தனர். சம்பந்தி வீட்டிலும் அவ்வழக்கம் விட்டுப்போகவில்லை. கல்லறையிலிருந்து திரும்பும் வழியிலேயே சந்தையில் வண்டியை நிறுத்தி, "தோல்" வாங்கப் போனார்கள். பொப்பியாவைச் சுற்றும் அடைக்குத் தோல் என்பதே அங்கு வழங்கும் பெயர்.

அத்தோல் செய்யும் விதத்தை நாங்கள் அரைமணி நேரம் நின்று பார்த்தோம். கோதுமை மாவு, உப்பு, நீர் ஆகிய மூன்றே பொருள்கள். ஆனால் பிசைந்த மாவு நம் பரோட்டா மாவுபோல் கெட்டியும் அன்று. தோசை மாவுபோல் ஓடுவதும் அன்று. கையில் ஏந்தினால் வழிந்து தொங்கும். விழுமுன் மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றி மேலே இழுத்துவிடுகிறார் அந்த மனிதர். கரண்டி இல்லை, குழவி இல்லை. சூடேறிய இரும்புத் தகட்டின்மேல் அந்த மாவுருண்டையை வட்டமாக ஒருமுறை தடவி, உடனே கையை உயர்த்துகிறார். தகட்டில் ஒட்டி நிற்பது ஒரு படலம் மட்டுமே. மூன்று நான்கு நொடிகளில் ஓரம் காய்ந்து எழும்புகிறது. இடக்கையால் உரித்து அடுக்குகிறார். அதற்குள் வலக்கை அடுத்த தகட்டில் தடவி முடித்துவிட்டது. நாளிதழைக் கீழே வைத்தால் எழுத்துகளைப் படிக்கலாம் என்னும்படியான மென்மை. பதினைந்து வயதில் தந்தையிடம் கற்றுக்கொண்டதாகவும், இப்போது தமக்கு எழுபத்தொன்று என்றும் அவர் கூறியதை மருமகள் மொழிபெயர்த்தாள். பிள்ளைகள்? இருவரும் அலுவலகங்களில் இருக்கிறார்கள். உறைபெட்டியில் விற்கும் இயந்திரத் தோல் மலிவு, எந்நாளும் கிடைக்கும், கிழியாது. "கிழியாதது எப்படித் தோலாகும்?" என்று அவர் கேட்டபோது வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வரிசையில் இளைஞர் எவரையும் நாங்கள் காணவில்லை.

பூரணம் முந்தைய இரவே தயாராகிவிட்டது. "பங்குவாங்" என்னும் கிழங்கு அதன் உயிர். மண்நிறத் தோலை உரித்தால் உள்ளே வெண்மை. பச்சையாகக் கடித்தால் பேரிக்காய்போல் நறுக்கென்று இனிக்கும். அதை நூல்போல் சீவி, பூண்டு வதக்கி, இறால் ஓடுகளைக் கொதிக்கவைத்து வடித்த நீரூற்றி, சிறு தீயில் மூன்று மணி நேரம் வேகவிடுகிறார்கள். இந்தச் "சீன" உணவின் உயிர்க் கிழங்கு சீனத்தில் தோன்றியதே அன்று. அதன் தாயகம் மெக்சிகோ. 1565 முதல் 1815 வரை அகாபுல்கோ துறைமுகத்திற்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் வழியே அது கீழ்த்திசைக்கு வந்தது. பொப்பியாவின்மேல் தூவும் நிலக்கடலைப் பொடியும், தடவும் மிளகாய் விழுதும் அமெரிக்கக் கண்டத்தின் கொடைகளே. நிலக்கடலையை நம் வட மாவட்டங்களில் "மல்லாட்டை" என்கிறோமே, அது "மணிலாக்கொட்டை" என்பதன் மரூஉ என்பதை நினைவூட்டியபோது சம்பந்தி வியந்து போனார். தம் சமையலறையில் எமக்கும் பங்குண்டு என்பதுபோல் அவர் அன்று முழுவதும் அச்சொல்லை உச்சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவக்கால வெள்ளி ஆகையால் ஒரு சிறு சிக்கல் எழுந்தது. பன்றி இறைச்சியின்றிப் பொப்பியா சுவைக்காது என்பது பழைய வழியில் நிற்கும் சித்தப்பாமாரின் கட்சி. சம்பந்தியம்மா வாதாடவில்லை, இரண்டு பானைகள் வைத்துவிட்டார். மூடியில் சிவப்பு நாடா கட்டிய பானை அவர்களுக்கு, கட்டாதது நமக்கு. இறாலும் நண்டும் பொரித்த டோஃபுவும் முட்டைச் சீவலும் இரு தரப்பாருக்கும் பொது.

மேசையில் எதுவும் சமைத்து முடித்த பண்டமாக இல்லை என்பதே எங்களுக்கு முதலில் விளங்காத செய்தி. தோல் ஒரு தட்டில், பூரணம் பானையில், லெட்டூஸ் கீரை, முளைவிட்ட பயறு, கொத்துமல்லி, பொரித்த வெங்காயம், கடலைப் பொடி, இனிப்புக் குழம்பு, மிளகாய் விழுது ஆகியவை தனித்தனிக் கிண்ணங்களில். அவரவர் பொப்பியாவை அவரவரே சுற்ற வேண்டும். வீட்டுக்காரி பரிமாற, விருந்தினர் உண்பது என்ற நம் முறை அங்கே செல்லாது. சம்பந்தியம்மாவும் எங்களுடனேயே அமர்ந்துவிட்டார். பதினாறு பேர் ஒரே மேசையைச் சுற்றிக் கை நீட்டியும் கிண்ணம் கைமாற்றியும் பேசிக்கொண்டேயிருந்தனர். ஒரு சுருளுக்கு இரண்டு நிமிடம் பிடிக்கிறது. இரண்டு வாயில் அது தீர்ந்துவிடுகிறது. எனவே விருந்து மூன்று மணி நேரம் நீண்டது.

நாங்கள் ஆசைப்பட்டு எல்லாவற்றிலும் தாராளமாக வைத்தோம். பூரணத்தைப் பிழியாமல் அள்ளினோம். முதற் சுருள் தட்டிலேயே வாய் பிளந்தது. இரண்டாவது முழங்கை வரை வழிந்தது. மேசையின் எதிர்ப்புறத்தில், தொண்ணூறை நெருங்கிய பாட்டி, மருமகளின் தந்தையைப் பெற்றவர், எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திருமணத்தன்று எங்களுக்கென இட்டிருந்த இரு நாற்காலிகளை விருந்து முடியும்வரை எடுக்க விடாதவர் அவர்தாம் என்று மகன் முந்தின நாள் சொல்லியிருந்தான். எங்களுக்கும் அவருக்கும் பொதுவான மொழி ஒரு சொல்லும் இல்லை. அவர் எழுந்து வந்து, எங்கள் இருவருக்கும் நடுவே நின்றார். தோலை விரித்தார். குழம்பை ஒரு கோடாகத் தடவி, மேலே லெட்டூஸ் இலையை வைத்தார். ஈரம் தோலில் இறங்காதிருக்க அந்த இலையே தடுப்பு என்பதைக் கையசைவால் காட்டினார். பூரணத்தைக் கரண்டியின் முதுகால் பானையின் ஓரத்தில் அழுத்திப் பிழிந்தார். எங்களுடைய அளவில் பாதிக்கும் குறைவாக வைத்தார். பிறகு, பச்சிளங் குழந்தையைத் துணியில் பொதிவதுபோல், கீழ்ப்புறம் மேலே, இருபுறமும் உள்ளே, இறுக்கியும் இறுக்காமலும் உருட்டி, ஆளுக்கு ஒன்று எங்கள் கையில் வைத்தார்.

மருமகள் அடுப்படிக்குள் எதையோ எடுப்பவள்போல் போய்விட்டாள். "அத்தை, மாமா, இன்னும் ஒன்று?" என்று கேட்டுக்கொண்டே அவள் திரும்பி வந்தபோது, மகன் கற்றுக்கொடுத்த அந்தத் தமிழுக்கு ஏழாண்டுகளில் முதன்முறையாக நேரில் பதிலுரைத்தோம்.

பொப்பியா பொரிப்பதன்று, பொரித்தால் அதற்கு வேறு பெயர். வடக்கே அதன் உறவினர் "சுன் சுவான்", அதாவது இளவேனிற் சுருள். பிப்ரவரி 4ஆம் நாளையொட்டி வரும் இளவேனில் தொடக்கத்தன்று புதிதாய் முளைத்த கீரைகளை மெல்லடையில் சுற்றி உண்ணும் சீனரின் பழவழக்கத்திலிருந்து அப்பெயர் வந்தது. அந்தச் சுருளே பொரியலாகி உலகெங்கும் பரவி, நம் வரவேற்புப் பந்திக்கும் வந்து சேர்ந்தது. ஜப்பானியரும் அதே பெயரைத் தம் மொழியில் ஆக்கி "ஹருமாக்கி" என்கின்றனர்.

பொப்பியாவுக்கு ஹொக்கியனில் "லுன் பியா" என்று இன்னொரு பெயரும் உண்டு. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் அது "லும்பியா" ஆயிற்று. ஜாவாவின் செமாராங் நகரத்து லும்பியாவைப் பற்றிச் சம்பந்தி கூறிய வரலாறு எங்களைத் தைத்தது. புக்கியனிலிருந்து வந்த ச்சோவா தாய் யூ என்பவர் பன்றி இறைச்சியும் மூங்கில் குருத்தும் வைத்த சுருளை விற்றார். வாசி என்னும் ஜாவானியப் பெண் உருளைக்கிழங்கும் இறாலும் வைத்த பலகாரத்தை விற்றார். இருவரும் மணந்துகொண்டபோது பூரணங்களும் கலந்தன: பன்றி இறைச்சி நீங்கிற்று, மூங்கில் குருத்து தங்கிற்று, இறாலும் கோழியும் முட்டையும் சேர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாக அந்நகரத்தார் வழிவழியாகச் சொல்லி வருவது இது. இன்றும் கங் லொம்போக் என்னும் சந்தில், தாய் காக் சீ கோயிலருகே, மூங்கில் கூடைகளில் அடுக்கி விற்கிறார்கள். வெல்லமும் பூண்டும் சேர்ந்த கெட்டிக் குழம்பும் பச்சை மிளகாயும் உடன் வரும். இதைச் சொல்லி முடித்துவிட்டுச் சம்பந்தி எங்களை நோக்கவில்லை, தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

பிலிப்பைன்ஸில் விரல் பருமனில் பொரித்த இறைச்சி லும்பியா இல்லாமல் விழா இல்லை. நீக்ரோஸ் தீவில் தென்னங்குருத்தைப் பூரணமாக்கிப் பொரிக்காமல் உண்பதும் உண்டு. ஒரு குருத்துக்காக ஒரு மரமே சாய வேண்டுமென்பதால் நம் தென்னந்தோப்புக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மணிலாவின் பினோண்டோ பகுதி, மறை தழுவிய சீனர்களுக்காக 1594இல் அமைக்கப்பட்ட குடியிருப்பு. சீனத் தந்தைக்கும் பிலிப்பினோத் தாய்க்கும் அங்கே பிறந்து, 1637இல் நாகசாகியில் உயிர் நீத்த லொரென்சோ ருயிஸை 1987இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது. லும்பியாவும் அத்தகைய வீடுகளில் பிறந்த உணவே.

பினாங்கிலிருந்து மகன் எங்களை மூன்று நாள் சைகோனுக்கு அழைத்துச் சென்றான். 1976 முதல் அதன் பெயர் ஹோ சி மின் நகரம். ஆயினும் எங்களுக்கு அது சைகோன்தான். எங்கள் இருவரில் ஒருவருக்குப் பிறந்தகம் புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரித் தமிழர் பலர் சைகோனில் அரசுப் பணியிலும் காவல் பணியிலும் அமர்ந்திருந்தனர். கத்தோலிக்கர் அவர்களுள் மிகுதி. வியட்நாமியப் பெண்களை மணந்து திரும்பியவர்களும் அநேகர்.

கூ சி வட்டாரத்துச் சுரங்கப் பாதைகளைக் காணப் போகும் வழியில், ஒரு கிராமத்தில், அரிசித்தாள் செய்வதைப் பார்க்க இறங்கினோம். வியட்நாமியச் சுருளுக்குக் கோதுமைத் தோல் உதவாது, அரிசியே வேண்டும். கொதிக்கும் பானையின் வாயில் இறுகக் கட்டிய துணி. அதன்மேல் அரிசி மாவைக் கரண்டியால் வட்டமாகத் தேய்த்து மூடுகிறார்கள். ஆவியில் அரை நிமிடம். மெல்லிய மூங்கில் குச்சியால் தூக்கி, மூங்கில் தட்டியில் பரப்பி, வெயிலில் காயவைக்கிறார்கள். இட்லித் துணியும் இலை வடாமும் ஒருங்கே நினைவுக்கு வந்தன. காய்ந்த தாளில் தட்டியின் பின்னல் அப்படியே பதிந்திருக்கும். உண்ணும்போது நீரில் நனைத்தால் துணிபோல் துவளும். அதில் வேகவைத்த இறால், இறைச்சித் துண்டு, அரிசிச் சேமியா, புதினா முதலிய தழைகள் வைத்துச் சுருட்டினால் "கோய் குவோன்", பொரிப்பதில்லை. நண்டும் அரைத்த இறைச்சியும் காளானும் பயற்றுச் சேமியாவும் வைத்துப் பொரித்தால் தெற்கே "சாயோ", வடக்கே "நெம் ரான்". பொரித்ததையும் மீண்டும் பச்சை இலையில் பொதிந்து, நெத்திலியை உப்பிலிட்டு ஏறத்தாழ ஓராண்டு ஊறவைத்து வடித்த நீரில் எலுமிச்சையும் சர்க்கரையும் மிளகாயும் கலந்து தொட்டு உண்கின்றனர்.

அன்று மாலை சிறு கடையொன்றில் "சாயோ" வந்தது. முதற் கடியிலேயே எங்களில் ஒருவர் உண்பதை நிறுத்திவிட்டார். புதுச்சேரி வீட்டில் "சைகோன் பாட்டி" என்று ஒருவர் இருந்தார். பெரிய தாத்தா அழைத்துவந்த மனைவி. கிறிஸ்து பிறப்பு நாளில் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் தனியே அமர்ந்து இதைச் சுருட்டுவார். நூறு சுருட்டினாலும் பிள்ளைகள் நாங்கள் தின்று தீர்ப்போம். ஆனால் அவர் கூடத்துப் பந்தியில் அமர்ந்து யாரும் பார்த்ததில்லை. அமரச் சொன்னவரும் இல்லை. எப்படிச் செய்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டவரும் இல்லை. 1983இல் அவர் இறந்தபோது கைப்பக்குவமும் அவருடனேயே போயிற்று. அவருடைய உண்மையான பெயர் என்னவென்று மருமகள் கேட்டாள். கல்லறைக் கல்லில் பிரெஞ்சுத் திருமுழுக்குப் பெயர் இருக்கிறது. தாய் தந்தையர் இட்ட பெயர் எங்களுக்குத் தெரியவில்லை.

இலங்கையின் "ரோல்ஸ்" பற்றி இரண்டு வரி எழுதாவிட்டால் அங்குள்ள வாசகர்கள் கோபிப்பார்கள். கோதுமை மாவு அடையில் உருளைக்கிழங்கும் மீனும் அல்லது ஆட்டிறைச்சியும் காரமாக வைத்துச் சுருட்டி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிப்பது. "சைனீஸ் ரோல்ஸ்" என்று பெயர் சொன்னாலும் எந்தச் சீனரும் அதை உரிமை கோரமாட்டார். இலண்டனிலும் டொராண்டோவிலும் ஈழத் தமிழர் கடைகளில் அதுவே மாலை நேரத்து அரசன். அது தமிழர் பண்டம்தான் என்பது எங்கள் தீர்ப்பு.

ஊர் திரும்பிய பின், ஒரு ஞாயிறு மாலை நாங்களும் முயன்றோம். பங்குவாங் இங்கே கிடைக்கவில்லை. நூல்கோலைச் சீவிப் போட்டோம். மாவைக் கையில் ஏந்திச் சுழற்றியதில் பாதி அடுப்பின்மேலும் பாதி சுவரிலும் விழுந்தது. கடைசியில் தோசைக்கல்லில் நீர்த்த மாவைத் துணியால் தடவி ஏழு தோல் எடுத்தோம்; ஏழும் ஏழு கனத்தில். மருமகளைக் கைப்பேசியில் அழைத்துத் தட்டைக் காட்டினோம். அவள் திரையைப் பாட்டியின் பக்கம் திருப்பினாள். மூதாட்டி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் உற்று நோக்கினார். பின்னர் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டோம்.

"பூரணம் இன்னும் அதிகம்தானாம், அத்தை. டிசம்பரில் வரும்போது தோல் கொண்டுவருகிறோம். பாட்டியும் வருகிறார்களாம்; கூடத்தில் மேசை எவ்வளவு பெரியது என்று கேட்கிறார்கள்."

அளந்து சொல்வதாகக் கூறி, அளவுநாடாவைத் தேடினோம்.